கேம்பிரிட்ஜ் டைரி: எண்ணூரும் வேலூரும் ஒரே பெட்டியில

ஞாயிறு, போற வழி

லீட்ஸ்ல இருந்து கேம்பிரிட்ஜுக்கு நேர் ட்ரெயின் கிடையாது, பீட்டர்பரோல இறங்கி மாறணும், அங்கேருந்து மார்ச், ஈலின்னு சின்னச் சின்ன ஊரு வழியா போற வண்டி. ஜனவரி மாசம்ங்கறதால மூணு மணிக்கே வெளிச்சம் மங்க ஆரம்பிச்சிருச்சு, ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்ற தூரம் வரைக்கும் ஒரு மேடு கூட இல்லாம கருப்பு மண்ணுதான். ஃபென்ஸ்னு சொல்ற ஏரியா இது. ஒரு காலத்துல முழுக்க சதுப்பு நிலம், 17ஆம் நூற்றாண்டுல வெர்மைடன்னு ஒரு டச்சுக்காரர் வந்து வாய்க்கா வெட்டி தண்ணிய வடிச்சு விவசாய பூமியா மாத்துனாரு. இங்க இருக்கிறது பீட் மண்ணு, அதாவது செத்த செடிகொடி முழுசா மக்காம சேந்தது, அது தண்ணிக்கடியில இருக்கிற வரைக்கும் அதுல இருக்கிற கார்பன் பத்திரமா இருக்கும், தண்ணி வடிஞ்சு காத்து பட்டுச்சுன்னா மக்கி கார்பன் டை ஆக்சைடா கிளம்பிரும். பீட்டர்பரோவுக்கு தெக்க ஹோம் ஃபென்ல 1851ல ஒரு இரும்புத் தூணை தரையோட தரையா புதைச்சு வச்சாங்க, இப்ப அது ஏறக்குறைய 4 மீட்டர் வெளிய நிக்குது. மண்ணு சுருங்குனது ஒரு பங்கு, காத்துல போனது இன்னொரு பங்கு.

நான் போறது யூ.கே.சி.ஏ. ட்ரெயினிங்குக்கு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், பிரிட்டன் வானிலைத் துறையான மெட் ஆஃபீஸ்கிட்ட யூனிஃபைட் மாடல்னு ஒண்ணு இருக்கு, நாளைக்கு மழையான்னு சொல்றதுக்கும் அதுதான், நூறு வருஷத்துக்கு அப்புறம் பூமி எப்படி இருக்கும்னு கணக்கு போடறதுக்கும் அதுதான். நம்ம நொய்டாவுல இருக்கிற என்.சி.எம்.ஆர்.டபிள்யூ.எஃப்.ங்கற வானிலை மையம் கூட இதே மாடலை வச்சுத்தான் ஃபோர்காஸ்ட் ஓட்டுது. அந்த மாடலுக்குள்ள வாயுக்களும் தூசித் துகளும் என்ன ஆகுதுன்னு பாத்துக்கற பகுதிதான் யூ.கே.சி.ஏ., மெட் ஆஃபீஸும் கேம்பிரிட்ஜும் லீட்ஸும் சேந்து ஆரம்பிச்சது. ஓசோன், மீத்தேன், சல்ஃபேட், புகைக்கரி எல்லாம் இதுக்குள்ளதான். ஐ.நா.வோட பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யோட ஆறாவது அறிக்கைக்குப் போன மாடல்கள்ல ஒண்ணான யூ.கே.இ.எஸ்.எம்.1க்குள்ள ஓடற கெமிஸ்ட்ரியும் இதுதான். நான் இதுவரைக்கும் வேற யாரோ ஓட்டி வச்ச ரிசல்ட்டை எடுத்து ப்ளாட் போட்டுட்டு இருந்தவன். இனிமே நானே ஓட்டணும், உள்ள கை வைக்கணும், அதுக்குத்தான் இந்த ட்ரிப்.

ஈலி கதீட்ரல் தெரிஞ்சப்போ நல்லா இருட்டிருச்சு. கேம்பிரிட்ஜ் ஸ்டேஷன்ல இறங்கி ஹில்ஸ் ரோட்டுல நடந்தா இருபது நிமிஷத்துல ரூம்.

திங்கள்

லென்ஸ்ஃபீல்ட் ரோட்டுல கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட். 2020ல இருந்து இதுக்கு யூசுஃப் ஹமீத் பேரு, சிப்லா கம்பெனியோட ஹமீத்தான், இங்க படிச்சவர், ஹெச்.ஐ.வி. மருந்தை 2001ல ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழ தர்றேன்னு சொன்னவர். வாசல்ல அந்தப் பேரைப் பாத்ததும் மனசு நெறஞ்சுது.

கம்ப்யூட்டர் ரூம்ல கலவையான கூட்டம், கொரியா, நியூசிலாந்து, கானா, பிரேசில், மீதி பேரு பிரிட்டன்லயே பிஹெச்டி பண்றவங்க. சிலர் பத்து வருஷமா கருவி வச்சு காத்தை அளக்கறவங்க, மாடல் பக்கமே வந்ததில்ல, சிலர் கோட் எழுதுவாங்க ஆனா கெமிஸ்ட்ரி பிளஸ் டூவோட சரி. இந்தக் கலவை நல்லதுன்னு மத்தியானத்துக்குள்ளயே புரிஞ்சுது, ஏன்னா ஒருத்தர் கேக்கற கேள்வி இன்னொருத்தருக்கு தோணவே தோணாது. எனக்குப் பக்கத்து சீட்ல ஒரு அக்கா, பேச்சைக் கேட்டதுமே மெட்ராஸ்னு தெரிஞ்சுபோச்சு, கேட்டா எண்ணூர்ல பொறந்து வளந்தவங்க, இப்ப எக்ஸெட்டர்ல வேலை. "தம்பி, தமிழா? அப்பாடா, இனிமே கணக்கு போடறப்ப தமிழ்லயே முணுமுணுக்கலாம்"னாங்க.

முதல் நாள் பெரும்பாலும் அறிமுகம், செட்டப். ஆளுக்கு ஒரு வர்ச்சுவல் மெஷின், அதுக்குள்ள மொத்த மாடலும். நிஜமான ஆராய்ச்சி ரன் எல்லாம் எடின்பரோவுல இருக்கிற ஆர்ச்சர்2 சூப்பர் கம்ப்யூட்டர்ல போகும், 5,860 நோடு (ஒவ்வொண்ணும் ஒரு தனி கம்ப்யூட்டர் மாதிரி), நோடுக்கு 128 கோர், ஆனா கத்துக்கறதுக்கு லேப்டாப்லயே ஓடற மாதிரி ரெசல்யூஷனை கொறச்சு வச்சிருக்காங்க. இது ரொம்ப நல்ல ஏற்பாடு. சூப்பர் கம்ப்யூட்டர் க்யூல காத்துக்கிடந்தா படிப்பு எப்படி நடக்கும்? இங்க ஒரு வரி மாத்துனா டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள என்ன ஆச்சுன்னு தெரிஞ்சிடும்.

ரோஸ்னு ஒரு டூல்ல செட்டிங்ஸ் மாத்தறது, சில்க்னு ஒண்ணு வேலைகளை வரிசையா ஓட்டுது, என்னென்ன அவுட்புட் வேணும்ங்கறதை ஸ்டாஷ்ங்கற லிஸ்ட்ல சொல்லணும். 34ஆம் செக்ஷன்ல ட்ரேசர் எல்லாம், அதாவது மாடல் தொடர்ந்து கணக்கு வச்சுக்கற வாயுக்கள், அதுல முதல் ஐட்டமே ஓசோன். கேக்காத எதையும் மாடல் எழுதி வைக்காது, இதை ட்ரெய்னர் அழுத்தமா சொன்னாங்க: ஆறு மாசம் ஓட்டி முடிச்சப்புறம் "ஐயோ அந்த டயக்னாஸ்டிக் வேணுமே"ன்னு உக்காந்தா திரும்ப ஓட்றத தவிர வேற வழி இல்ல. நோட்ல பெருசா எழுதி வச்சுக்கிட்டேன்.

செவ்வாய்

இன்னைக்கு எமிஷன், அதாவது எங்கேருந்து எந்த வாயு எவ்வளவு கிளம்புதுங்கற கணக்கு. நேத்து வரைக்கும் இதை சாதாரண டேட்டா ஃபைல் விஷயமாத்தான் நினைச்சுட்டு இருந்தேன், இப்ப பாத்தா எல்லாமே இதுல இருந்துதான் ஆரம்பிக்குது.

மாடலுக்கு ஊருங்கறது கிடையாது, பெட்டிதான். ஆராய்ச்சிக்கு சாதாரணமா யூஸ் பண்ற என்96 கிரிட்ல ஒரு பெட்டி கிழக்கு மேற்கா 1.875 டிகிரி, வடக்கு தெக்கா 1.25 டிகிரி. நம்ம ஊரு அட்சரேகையில அது சுமார் 200 கிலோமீட்டருக்கு 140 கிலோமீட்டர். அக்காவும் நானும் மத்தியானம் சாண்ட்விச் கையில வச்சுக்கிட்டே சென்னை எந்தப் பெட்டியில விழுதுன்னு தேடுனோம். 78.75ல இருந்து 80.625 வரைக்கும், 12.5ல இருந்து 13.75 வரைக்கும். அதுக்குள்ள சென்னை, எண்ணூர், மணலி, காஞ்சிபுரம், வேலூர், திருப்பதி, இடையில இருக்கிற அத்தனை ஏரி, வயல், காடு, கிழக்கு ஓரத்துல கொஞ்சம் கடல். இவ்வளவுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுக்கு ஒரே ஒரு நம்பர். லேப்டாப்ல ஓடற என்48 பெட்டி இன்னும் பெருசு, நெல்லூரும் உள்ள வந்துருது, பாதிக்கு மேல வங்காள விரிகுடா.

அக்கா கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தாங்க. "நாங்க சின்ன வயசுல மொட்டை மாடியில துணி காயப்போட்டா சாம்பல் படிஞ்சிருக்கும்டா தம்பி, அனல் மின் நிலையம் பக்கத்துலயே. அந்த சாம்பலும் திருப்பதி மலைக் காத்தும் இங்க ஒண்ணு"ன்னாங்க. நிஜமா கஷ்டமா இருந்துச்சு. மாடல் தப்புன்னு சொல்ல வரல, உலகம் பூரா கணக்கு போடறப்ப பெட்டி பெருசாத்தான் இருக்கும், மீத்தேன் மாதிரி கிட்டத்தட்ட ஒம்போது வருஷம் காத்துல இருக்கிற வாயுவுக்கு அது பிரச்சனையே இல்ல. ஆனா நைட்ரஜன் ஆக்சைடு பகல்ல சில மணி நேரம்தான் தங்கும், அதைப் பெரிய பெட்டி பூரா பரப்பி விட்டா ஓசோன் உண்டாகற வேகமே மாறிப்போகும், ஏன்னா அந்த கெமிஸ்ட்ரி நேர்கோட்டுல போகாது, நைட்ரஜன் ஆக்சைடு ரொம்ப அதிகமா இருக்கிற இடத்துல அதுவே ஓசோனை தின்னும், கொஞ்சம் மெலிஞ்ச இடத்துல அதே வாயு ஓசோனை உண்டாக்கும். எண்ணூர்ல ஒண்ணு நடக்கும், வேலூர்ல வேற நடக்கும், பெட்டிக்கு சராசரி மட்டும்தான் தெரியும். "சென்னையில ஓசோன் இவ்வளவு"ன்னு இந்த மாடல் மேப்பைக் காட்டி யாராவது பேசினா முதல்ல பெட்டி எவ்வளவு பெருசுன்னு கேளுங்க.

சாயங்காலம் இன்னொரு பாடம். கொரியாவுல இருந்து வந்த பொண்ணு தன்னோட நாட்டு எமிஷன் ஃபைலை மாடல் கிரிட்டுக்கு மாத்திட்டு, ஒழுங்கா பெட்டியோட பரப்பளவால பெருக்கி வருஷ மொத்தத்தைக் கூட்டிப் பாத்தா, வரவேண்டியதை விட ஒண்ணரை மடங்கு வருது. ட்ரெய்னர் வந்து பாத்துட்டு பதிலை சொல்லல, "ஒண்ணரைதானா, இல்ல 1.53ஆ?"ன்னு மட்டும் கேட்டார். ரூமே அமைதியாயிருச்சு. அப்புறம் பின்னாடி உக்காந்திருந்த கானாக்காரர் சொன்னார், "46ஐ 30ஆல வகுத்தா அது வரும்"னு. அதேதான். நிறைய இன்வென்டரியில (எமிஷன் கணக்குப் பட்டியல்) நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடு எடையா எழுதியிருப்பாங்க, அதோட மூலக்கூறு எடை 46, மாடல் அதை நைட்ரிக் ஆக்சைடா எடுத்துக்கும், அதோட எடை 30. மாத்தாம உள்ள விட்டா மாடல் எந்த எர்ரரும் குடுக்காது, அழகா ஓடும், அழகா மேப் வரும். ஃபைலை உள்ள விடறதுக்கு முன்னாடி மொத்தத்தைக் கூட்டிப் பாக்கற இந்தப் பழக்கத்தை நான் ஊருக்குப் போனதும் எங்க குரூப்ல எல்லாருக்கும் சொல்லப் போறேன்.

புதன்

ஆலிஸ், பாப். இவங்க ரெண்டு பேரும் மனுஷங்க இல்ல, ட்ரெயினிங்குக்காக உண்டாக்குன கற்பனை வாயுக்கள். இல்லாத ஒரு வாயுவை மாடலுக்குள்ள பொறக்க வச்சு, அதுக்கு எமிஷன் குடுத்து, காத்துல அடிச்சுட்டுப் போக விட்டு, ரியாக்ஷன் எழுதி ஆலிஸை பாபா மாத்தி, தரையில படிய வச்சு, மழையில கரைய வச்சு, கடைசியா அவுட்புட்ல எடுத்துப் பாக்கணும். ஒரு நெஜ வாயுவோட மொத்த வாழ்க்கையும் இதுல வந்துருது. இதை யோசிச்சு வச்ச ஆளுங்களுக்கு ஒரு கும்பிடு, ஏன்னா ஓசோனையோ மீத்தேனையோ வச்சு சொல்லித் தந்தா நாம ஒரு வரி மாத்துனதும் மத்த நூறு விஷயமும் சேந்து ஆடும், எது எதனாலன்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது. ஆலிஸ் தனியாள், அவ எங்க போறான்னு கண்ணால தொடர முடியுது.

ரியாக்ஷன் எழுதற ஃபோர்ட்ரான் ஃபைலைத் திறந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. ரெண்டு மூலக்கூறு மோதற ரியாக்ஷன் மட்டும் சுமார் 200, ஒவ்வொண்ணும் ஒரு ரெக்கார்டு: யாரும் யாரும் சேர்றாங்க, என்ன வருது, மூணு நம்பர். அவ்வளவுதான். ஸ்க்ரோல் பண்ணிட்டே போய் மீத்தேனும் ஓஹெச்சும் (ஹைட்ராக்சில்) சேர்ற இடத்துல நின்னேன். மீத்தேனை காத்துல இருந்து எடுக்கறதுல பெரும்பங்கு இந்த ஒரே ரியாக்ஷனுக்குத்தான். அதோட வேகத்துக்கு உலக வேதியியல் அமைப்பான ஐயூபேக்கோட கமிட்டி சிபாரிசு பண்ற கணக்குல மைனஸ் 1690ஐ வெப்பநிலையால வகுத்து அதை எக்ஸ்போனென்ட்ல போடணும். கால்குலேட்டர்ல நானே போட்டுப் பாத்தேன், 298 கெல்வின்ல, அதாவது நம்ம ஊரு காலைநேர சூட்டுல, வர்ற வேகம் 250 கெல்வின்ல மூணுல ஒரு பங்காயிருது. அதனாலதான் உலகத்து மீத்தேன்ல பெரும்பகுதி வெப்பமண்டலத்துல, கீழ்மட்டக் காத்துல அழியுது, நம்ம தலைக்கு மேல. பாடப் புத்தகத்துல படிச்ச விஷயம்தான், ஆனா அந்த நம்பர் கோட்ல எந்த இடத்துல உக்காந்திருக்குன்னு பாத்தப்புறம் இருக்கிற நம்பிக்கையே வேற.

இன்னொரு விஷயமும் புரிஞ்சுது. இந்த லிஸ்ட்ல இல்லாதது மாடலோட உலகத்துல நடக்காது. காட்டு மரங்க விடற ஐசோப்ரீன் ஒரு வருஷத்துக்கு சுமார் 50 கோடி டன், அது காத்துல உடைஞ்சு உண்டாகற பொருளுங்க நூத்துக்கணக்குல இருக்கு, அத்தனையும் எழுதினா எந்தக் கம்ப்யூட்டரும் தாங்காது, அதனால சிலதை சேத்துக் கட்டி ஒரே பேர்ல விடறாங்க. எதை விடலாம் எதை விடக்கூடாதுன்னு யாரோ சிலர் உக்காந்து, ஆய்வுக்கூட அளவீட்டைப் பாத்து, சண்டை போட்டு முடிவு பண்ணியிருக்காங்க. நாம பேப்பர்ல "யூ.கே.சி.ஏ. மாடல் பயன்படுத்தப்பட்டது"ன்னு அரை வரியில தாண்டிப் போறதுக்குள்ள அத்தனை முடிவு இருக்கு.

ஆறு மணிக்கு மேல வெளிய வந்தா கடுங்குளிர். அக்கா மில் ரோட்டுல இந்தியக் கடை இருக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க, சாம்பார் பொடியும் அப்பளமும் வாங்குனாங்க, எக்ஸெட்டர்ல அவங்க வாங்கற பொடி நல்லா இல்லையாம்.

வியாழன்

காலையில லெக்சர் நிறைய. ஏரோசால், அதாவது காத்துல மிதக்கற நுண்துகள் பத்தி ஒண்ணு, எங்க லீட்ஸ்ல உருவான குளோமாப் முறை, துகள்களை சைஸ் வாரியா அஞ்சு கூட்டமா பிரிச்சு வச்சு கணக்குப் போடறது. அப்புறம் நட்ஜிங், அதாவது மாடல் காத்தை அதோட போக்குக்கு விடாம, நெஜமா அந்த நாள்ல அடிச்ச காத்தோட பக்கம் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து வைக்கறது. குறிப்பிட்ட நாள்ல எடுத்த அளவீட்டோட மாடலை ஒப்பிடணும்னா இது வேணும். எனக்கு உடனே 1999 ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் மாலத்தீவுல நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வு ஞாபகம் வந்துச்சு. தமிழ்நாட்டுல பொறந்த வீரபத்ரன் ராமநாதன் முன்ன நின்னு நடத்துனது, வடகிழக்குக் காத்து நம்ம நாட்டுப் புகையை இந்தியப் பெருங்கடல் மேல எவ்வளவு தூரம் தள்ளிட்டுப் போகுதுன்னு காட்டுன ஆய்வு. குளிர்சாதனப் பெட்டியில இருந்த சி.எஃப்.சி. வாயுவும் பூமியை சூடாக்கும்னு 1975லயே எழுதினவரும் அவர்தான். அந்த மாசங்களை நட்ஜ் பண்ணி ஓட்டிப் பாக்கணும்னு ஆசை, லிஸ்ட்ல சேத்துட்டேன்.

மத்தியானம் ஓசோன் ஓட்டை. இந்த ஊர்லயே இருக்கிற பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வேயோட ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூணு பேரும் 1985 மே மாசம் நேச்சர்ல எழுதினாங்க, அண்டார்டிகாவுல ஹாலி பேங்கற இடத்துல 1950கள்ல இருந்து டாப்சன் கருவியால அளந்துட்டு வந்ததை வச்சு, அங்க வசந்த காலத்துல ஓசோன் பயங்கரமா இறங்கியிருக்குன்னு. அதே டாப்சன் கருவிதான் நம்ம கொடைக்கானல்லயும் பல வருஷமா ஓசோனை அளந்துச்சு. சி.எஃப்.சி.யால ஆபத்துன்னு 1974லயே மொலினாவும் ரோலண்டும் சொல்லியாச்சு, மாடல்களும் இருந்துச்சு, ஆனா எந்த மாடலும் இப்படி ஒரு ஓட்டை விழும்னு சொல்லல. ஏன்னா அந்த மாடல்கள்ல வாயுவும் வாயுவும் மோதற ரியாக்ஷன் மட்டும்தான். துருவத்துல குளிர்காலத்துல இருபது கிலோமீட்டர் உயரத்துல உண்டாகற மேகத்துகள் மேல குளோரின் நைட்ரேட்டும் ஹைட்ரஜன் குளோரைடும் சேரும், குளோரின் விடுதலையாகும், வெயில் வந்ததும் ஓசோனைத் தின்னும்னு சூசன் சாலமன் கூட்டாளிகளோட 1986ல எழுதினப்புறம்தான் விளங்குச்சு.

யூ.கே.சி.ஏ.வுல அந்த மாதிரி மேற்பரப்பு ரியாக்ஷன் அஞ்சே அஞ்சு வரி. நேத்து நான் பாத்த லிஸ்டோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த அஞ்சு இல்லன்னா அண்டார்டிகா மேல ஓட்டையே இல்லாத ஒரு உலகத்தை மாடல் காட்டும், அந்த மேப்பும் பாக்க ரொம்ப நம்பகமா இருக்கும். நம்ம மண்ணுல இன்னும் அளக்காத என்னென்ன வரி விடுபட்டிருக்கோன்னு அப்போதுல இருந்து யோசனையாவே இருக்கு. குப்பைக் கிடங்கு எரியறது, செங்கல் சூளை, போகிக்கு டயர் கொளுத்தறது, இதுல எல்லாம் என்னென்ன வருது, எவ்வளவு வருது?

இடைவேளையில பக்கத்துலயே இருக்கிற ஸ்காட் போலார் மியூசியத்துக்கு ஓடிப்போய் பாத்துட்டு வந்தோம். சின்ன இடம், இலவசம், கண்டிப்பா போங்க.

வெள்ளி

கடைசி நாள் அவங்கவங்க சொந்த வேலை. நான் என்96 ரன்னோட பழைய அவுட்புட் ஒண்ணை எடுத்து, ஐரிஸ்ங்கற பைத்தான் லைப்ரரியில தரைமட்ட ஓசோனைப் போட்டேன். மாடல் ஓசோனை எடைக்கு எடை விகிதத்துல எழுதும், கருவி வச்சு அளக்கறவங்க கன அளவு விகிதத்துல பேசுவாங்க, ரெண்டுக்கும் நடுவுல 1.657ன்னு ஒரு எண்ணால வகுக்கணும், அது ஓசோனோட எடை 48ஐ காத்தோட சராசரி எடை 28.97ஆல வகுத்தா வர்றது. பக்கத்து டேபிள்ல கானாக்காரர் தன்னோட ஊரு அளவீட்டை மாடல் கோட்டு மேல வச்சுப் பாத்துட்டு இருந்தார், சாயங்கால நேரத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒட்டிப் போச்சு, ராத்திரியில மாடல் அதிகமா காட்டுச்சு. உடனே ட்ரெய்னரும் அவரும் தரையில படியற கணக்கா, ராத்திரி காத்து கலக்கற உயரமா, இல்ல பெட்டி சைஸான்னு ஒரு மணி நேரம் பேசிட்டே இருந்தாங்க, சாப்பாட்டுக்குக் கூட போகல. ஆன்லைன்லயே இதெல்லாம் கத்துக்கலாமேன்னு நிறைய பேரு கேக்கறாங்க, பாதி கத்துக்கலாம்தான். இந்த ஒரு மணி நேரம் அதுல கிடைக்காது.

அக்காவும் நானும் ஸ்டேஷன்ல பிரியறதுக்கு முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணோம். எண்ணூர், மணலி, அத்திப்பட்டு ஏரியாவுக்கு அனல் மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், லாரின்னு தனித்தனியா, மாச வாரியா ஒரு எமிஷன் ஃபைல் தயார் பண்றது, அதை முதல்ல சின்னப் பெட்டி வச்சு ஓட்டற ரீஜனல் மாடல்ல விட்டு, அதோட சராசரியை பெரிய பெட்டி ரிசல்ட்டோட ஒப்பிடறது. வித்தியாசம் எவ்வளவுன்னு தெரிஞ்சா அதையே எழுதலாம்.

இதைப் படிக்கறவங்கள்ல நம்ம ஊர்ல இருந்து இந்தப் பக்கம் வர்ற ஸ்டூடன்ட்ஸ் இருந்தா: யூ.கே.சி.ஏ. டுட்டோரியல் எல்லாம் நெட்லயே இருக்கு, ஆலிஸ் பாப் உட்பட. லினக்ஸ் கமாண்ட் கொஞ்சம், பைத்தான் கொஞ்சம், ஃபோர்ட்ரான் வாசிக்கத் தெரிஞ்சா போதும், கோட் எடுக்கறதுக்கான வழியை உங்க கைடு மூலமா விசாரிங்க. வடசென்னை ஆலைகளோட மாச வாரி எமிஷன் கணக்கு, இல்ல அந்தப் பக்கம் காத்தை அளந்த டேட்டா யார்கிட்டயாவது இருந்தா எனக்கு எழுதுங்க. எந்த ஃபார்மட்ல இருந்தாலும் பரவாயில்ல, யூனிட்டை மட்டும் மறக்காம குறிச்சு அனுப்புங்க.